ஐந்து மணிப் பாட்டு

ஊர்ச் சங்கத்தின் சுற்றுப் பலகை செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. இகுயோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு நிஷியோகா வாசல் கதவைத் தள்ளித் திறந்து, "இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுத்தாள். பதிலுக்குக் காத்திராமல் பலகையைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கால் மணி நேரம் வாசலில் நின்று ஊர்க்கதை அளக்காமல் நிஷியோகாவுக்குக் கால் நகராது. அவளே வாயைத் திறக்காமல் போகிறாள் என்றால் பலகையில் ஏதோ இருக்கிறது என்று இகுயோவுக்குப் புரிந்துவிட்டது.

நகிசே ஊரில் எந்தச் செய்தியானாலும் அந்தப் பலகையில்தான் வீடு வீடாகப் போகும். படித்தவர்கள் அவரவர் கட்டத்தில் பெயர் முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு வீட்டில் பலகை ராத்தங்கிவிட்டால் போதும், மறுநாள் அந்த வீட்டின் பெயர் நாலு வாயில் அரைபடும். புயல் அடித்தாலும் பலகை நிற்கக் கூடாது. இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஒரு வைராக்கியம்.

முதல் தாளில் பிளாஸ்டிக் குப்பை எடுக்கும் கிழமை மாறியிருந்தது. இரண்டாவதில் நாய்களுக்கு ஊசி போடும் நாள். மூன்றாவது தாள் புத்தம் புதிதாக, வண்ணத்தில் அச்சடித்திருந்தது.

"நமது ஊர் ஒலிபெருக்கிக் கம்பங்களில் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒலிக்கும் இசையை, நவம்பர் பதினைந்தாம் தேதி முதல், நம் ஊர்ப் பிள்ளை ஷுன்பெய் எழுதிப் பாடிய 'மேட்டு வீட்டு வெளிச்சம்' பாடலின் இசையாக மாற்ற எண்ணியுள்ளோம். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே எழுதவும்."

கீழே எழுதத்தான் செய்திருந்தார்கள். ஒன்றுகூட மாற்றுக் கருத்து இல்லை. 'படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.' 'தொமோயா இனி தினமும் நம்மோடு இருப்பான்.' 'இகுயோ அம்மாவுக்கு எங்கள் வணக்கம்.' கடைசியாக நிஷியோகாவின் கோணல் கையெழுத்து: 'இப்போதே அழுகிறேன்.' பக்கத்தில் உண்மையாகவே ஒரு சொட்டு ஈரம் காய்ந்து, தாள் சுருங்கியிருந்தது.

இகுயோ பலகையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொமோயா அவளுடைய ஒரே பிள்ளை. பத்தொன்பது வயதில், ஐந்து வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனான்.

அவனுடைய சிநேகிதன் ஷுன்பெய் பிறகு டோக்கியோவுக்குப் போனான். மூன்று வருஷம் யாரும் அவனைச் சீண்டவில்லை. நாலாம் வருஷம் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, செத்துப்போன சிநேகிதனைப் பற்றி ஒரு பாட்டுப் பாடி இணையத்தில் போட்டான். ஒரே மாதத்தில் நாடே அழுதது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு அழுதார்கள். கல்யாண மண்டபத்தில் பெண்ணின் தகப்பன்மார் அழுதார்கள். டிவியில் பாட்டு ஓடும்போது திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வரும், அதற்குள் யாராவது ஒரு நடிகை கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். 'இந்த ஆண்டு உங்களை அழவைத்த பாடல்கள்' என்று பத்திரிகைகள் போட்ட பட்டியலில் எல்லாம் அதற்கே முதலிடம்.

நாடு அழுதது ஷுன்பெயின் சிநேகிதனுக்காகக்கூட இல்லை. பாட்டில் வருகிற அந்த அம்மாவுக்காகத்தான். மேட்டுத் தெருவின் கடைசி வீடு. பிள்ளை திரும்பி வரும் வரைக்கும் வாசல் விளக்கை அணைக்காத அம்மா. இனி வரமாட்டான் என்று தெரிந்த பிறகும் அணைக்காத அம்மா. பாட்டு மூன்று தடவை அந்த வாசலுக்குத் திரும்பி வரும். மூன்றாவது தடவை ஷுன்பெயின் குரல் லேசாக உடையும். அந்த இடத்தில் கல் நெஞ்சும் கரைந்துவிடும் என்று டிவிக்காரர்கள் சொன்னார்கள்.

இகுயோவுக்குக் கரையவில்லை. போன வருஷம் மாதர் சங்கம் சமூகக் கூடத்தில் ஓர் அழுகைக் கூட்டம் நடத்தியது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பாட்டுக் கேட்டு, வாய்விட்டு அழுது, மனசு லேசாகி வீட்டுக்குப் போவது. ஆளுக்கொரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கொடுத்தார்கள். இகுயோவை முன் வரிசையில் நடுவில் உட்காரவைத்தார்கள். சுற்றிலும் நாற்பது பெண்கள் மூக்கைச் சிந்த, அவள் மட்டும் பொட்டலத்தைப் பிரிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், அழுதழுது கண்ணே வறண்டுபோச்சு," என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதற்கும் சேர்த்து ஒருமுறை அழுதார்கள்.

கண் ஒன்றும் வறண்டுபோகவில்லை. அந்தப் பாட்டு பொய். அவ்வளவுதான்.

அன்றைக்கு இகுயோ விளக்கை அணைத்துவிட்டாள்.

அவள் கணவன் தெத்சுரோ உறவுக்காரர் ஒருவரின் சாவுக்காக மத்சுயாமா போயிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் தொமோயா, ஆரஞ்சுக் கிடங்கு வேலையை விட்டுவிட்டு ஷுன்பெயோடு டோக்கியோ போகப் போவதாகச் சொன்னான். அவள் வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவன் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். "போறதுன்னா போ! உனக்காக விளக்கப் போட்டுட்டு இங்க யாரும் உக்காந்திருக்கப் போறதில்ல," என்று அவன் முதுகைப் பார்த்துக் கத்தினாள். கத்தினதோடு விட்டாளா என்றால், இல்லை. பத்து மணிக்கு எழுந்துபோய் சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் படுத்தாள். மறுநாள் காலை போலீஸ்காரர் வந்தார். கோயில் வளைவில் ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது என்றார்.

அவள் போய்ப் பார்த்தபோது ஸ்கூட்டரை இன்னும் எடுக்கவில்லை. அதன் மூக்கு ஊரைப் பார்த்துக் கிடந்தது. வீட்டுக்கு வருகிறவனின் வண்டி மேட்டைப் பார்த்தல்லவா கிடக்க வேண்டும்? அப்படியானால் வந்து, இருட்டைப் பார்த்து, திரும்பிப் போனானா? போலீஸ்காரரிடம் கேட்டாள். "விழுந்த வேகத்துல சுத்தியிருக்கலாம்மா," என்றார் அவர். சுத்தியிருக்கலாம். ஐந்து வருஷமாக இகுயோ அந்த ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்து அரிசி கழுவிப் போட்டாள். கணவனிடம்கூட அவள் விளக்கைப் பற்றிச் சொன்னதில்லை.

கடையில் டோஃபு வாங்கப் போகும்போது கூரையிலிருந்து அந்தப் பாட்டு கேட்டால், கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். டிவியை நிறுத்திவிடலாம். ஆனால் ஐந்து மணிக் கம்பம் அப்படியா? ஊரில் பதினாறு கம்பம். நிலநடுக்கம், பேரலை என்றால் எச்சரிக்கை கொடுக்க வைத்தவை. குளியலறையில் கேட்கும், தோட்டத்தில் கேட்கும், காதைப் பொத்தினாலும் கேட்கும். கேட்கத்தானே வைத்திருக்கிறார்கள். தினமும் ஐந்து மணிக்கு அது மலைக்கும் கடலுக்குமாகத் திரும்பத் திரும்ப ஒலித்து, விளக்கு எரிந்ததா, எரிந்ததா என்று அவளைக் கேட்கும்.

எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தாள். என்ன எழுதுவது? 'வேண்டாம்' என்றா? அத்தனை கண்ணீருக்குக் கீழே அந்த வார்த்தை அசிங்கமாகக் கிடக்கும். ஏன் என்று கேட்பார்கள். கேட்கமாட்டார்கள், அது இன்னும் மோசம். கேட்காமலே தலையை ஆட்டுவார்கள்.

தெத்சுரோ வேலையிலிருந்து வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.

"நல்ல விஷயந்தானே," என்றான். பிறகு, "உனக்கு?" என்றான்.

"ம்."

"இந்தா, இருட்டறதுக்குள்ள குத்திக் கொடுத்துடு. ஹமதா பெரியவர் குப்பைக் கிழமை மாறினது தெரியாம நாளைக்குத் தூக்கிட்டுப் போய் நிப்பாரு. போன தடவையே வலிச்சு வலிச்சு இறங்கிப் போனாரு, பாவம்."

ஹமதா பெரியவரின் முழங்காலை நினைத்து இகுயோ முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டுக் குத்தினாள். கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. பலகையைக் கொண்டுபோய்ப் பெரியவர் வீட்டில் வைத்துவிட்டு வந்து, மிச்ச முள்ளங்கியை நறுக்கினாள்.

மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் முடியவில்லை. ஊர்ச் சங்கத் தலைவர் கமோஷிதா வீட்டுக்குக் கிளம்பினாள். வெறுங்கையோடு போக முடியாதே என்று ஒரு பை நிறைய ஆரஞ்சு எடுத்துக்கொண்டாள். குத்திய முத்திரையைத் திருப்பிக் கேட்கப் போகிறவளுக்குப் பழம் எதற்கு என்று கேட்டால் நகிசேயைப் பற்றித் தெரியாது என்று அர்த்தம். சண்டை போடப் போனாலும் இங்கே பழம் எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

கமோஷிதா ஓய்வுபெற்ற தபால்காரர். எழுபத்திரண்டு வயது. ஊரில் எந்த வீட்டு நாய் எப்போது கடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

"வாங்க வாங்க! வருவீங்கன்னு எம் பொண்டாட்டிகிட்ட அப்பவே சொன்னேன். ஏன் இதெல்லாம், பழமெல்லாம் எதுக்கு?" என்று பையை வாங்கிக்கொண்டார்.

"சும்மா, தோட்டத்துப் பழம். புளிப்புத்தான். வந்து... அந்த அஞ்சு மணி விஷயமா..."

"நன்றியெல்லாம் சொல்லவே கூடாது. சொல்லிட்டேன். நாங்கதான் உங்களுக்குச் சொல்லணும்."

"இல்லீங்க, நான் வந்து... கொஞ்சம் யோசிச்சுப் பாத்தேன்..."

"தெரியும். உங்களுக்குக் கூச்சமா இருக்கும். நம்ம வீட்டு விஷயம் ஊர் பூரா ஒலிக்குதேன்னு. இகுயோ-சான், நான் ஒண்ணு சொல்லட்டுமா? இந்த ஊர்ல இப்ப எத்தனை பிள்ளைங்க இருக்கு? இருபத்தி மூணு. பள்ளிக்கூடத்த மூடலாமான்னு பேசிட்டிருக்காங்க. இந்தப் பாட்டு வந்ததுக்கப்புறம்தான் வெளியூர் ஜனங்க உங்க வாசல் வெளக்கப் பாக்கப் படகுல வந்து எறங்குது. நம்ம ஊர்ப் பேரையே நாலு பேர் சரியா உச்சரிக்கிறாங்க." தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "உங்க பிள்ளையாலதான்."

இகுயோ கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'வேண்டாம்' என்பது நாக்கு நுனியில் நின்றது. அதற்கு முன்னால் எதையாவது சொன்னால்தான் அதைச் சொல்ல முடியும் போலிருந்தது.

"சத்தம்... ரொம்ப இருக்குமோன்னு," என்றாள்.

"அடடா, அதுவா! உங்க தெருக் கம்பத்துல மட்டும் கொஞ்சம் கம்மியா வெக்கச் சொல்லிடறேன். இதச் சொல்லவா இவ்வளவு தயக்கம்?" அவர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு, பேனாவை மூடாமலே, குரலைத் தாழ்த்தினார். "நானும் ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்கக் கூடாது. போன வியாழக்கிழமை உங்க வாசல் விளக்கு ஆறு மணி வரைக்கும் எரியல. ஓசாகாவுலேர்ந்து ரெண்டு பொண்ணுங்க வந்து, பாவம், எதுத்தாப்ல நின்னுட்டே இருந்துச்சுங்க."

"அன்னிக்குப் பல்வலி. டாக்டர்கிட்ட போயிருந்தேன். மன்னிச்சுக்கங்க."

"ஐயோ, நான் குத்தமா சொல்லல! உங்களுக்கும் வயசாகுது. தெனம் ஞாபகம் வெச்சுப் போடறது கஷ்டந்தான். அதுக்கு ஏதாவது பண்ணணும்னு சங்கத்துல பேசிட்டிருக்கோம். நீங்க கவலப்படாதீங்க."

இகுயோ மூன்று முறை தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தெருமுனையில் நின்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிள்ளை மேல் மட்டும் அந்த நாக்கு எப்படி அத்தனை நீளம் போனது என்று நினைத்தபோது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இனி மிச்சம் ஷுன்பெய் ஒருவன்தான். பாட்டுக்குச் சொந்தக்காரன் வேண்டாம் என்றால் யார் என்ன செய்ய முடியும்?

நவம்பர் பதினைந்தாம் தேதி மூன்று மணிக்கு ஷுன்பெய் இகுயோவின் வீட்டுக்கு வந்தான். ஐந்து மணிப் பாட்டின் தொடக்க விழாவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறேன் என்று மேலாளரை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். தலைமுடி பாதிக்குச் சாயம் பூசியிருந்தான், ஆனால் காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. சின்ன வயதிலும் அப்படித்தான். தொமோயாவின் படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, ஊதுவத்தி ஏற்றி, மணியைத் தட்டி, கைகூப்பி வெகுநேரம் இருந்தான்.

தெத்சுரோ நாற்காலி போடப் போயிருந்தான். இகுயோ தேநீரை ஊற்றினாள்.

"எளச்சுட்ட. அங்க சாப்பாடெல்லாம் சரியா சாப்படறியா?"

"கடைச் சோறுதான் அத்தை. நீங்க போடற அந்த ஊறுகாய் மாதிரி டோக்கியோவுல ஒரு எடத்துலயும் இல்ல."

"எடுத்துட்டுப் போ. கட்டி வெச்சிருக்கேன்." இனித் தள்ளிப்போட்டால் நடக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள். "ஷுன்பெய், அந்த அஞ்சு மணிப் பாட்டு வேண்டாம்னு நீ சொல்லேன்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நான் சொன்னேனே அத்தை. போன மாசமே சொன்னேன். நம்ம ஊர்ல வேண்டாம், பழைய இசையே இருக்கட்டும்னு. தன்னடக்கம்னு நெனச்சுட்டாங்க. ஆறு கம்பத்துல போடறதா இருந்தத பதினாறுலயும் போட்டாங்க." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அது இப்ப என் பாட்டு இல்ல. கல்யாணத்துக்கு வேணும்ங்கறாங்க, சாவுக்கு வேணும்ங்கறாங்க. மேடையில வேற பாட்டு ஆரம்பிச்சா, அதப் பாடுன்னு கத்தறாங்க. மூணாவது தடவை குரல் உடையணும். உடையலன்னா காசு குடுத்து வந்தவங்க மொகம் வாடிப்போகுது. அதனால தெனம் உடைக்கறேன்."

"அதுல இருக்கறது நெஜம் இல்லடா," என்றாள் இகுயோ. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து அது வந்தது. "அன்னிக்கு நான் வெளக்க..."

"தெரியும் அத்தை."

"என்ன தெரியும்?"

"அணைஞ்சிருந்துச்சு." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "அவன் வந்தான் அத்தை. மேல வரைக்கும் வந்தான். வாசல்ல நின்னுதான் எனக்குப் போன் பண்ணான். 'டேய், வெளக்க அணைச்சுட்டா. அம்மா செம கோவத்துல இருக்கா. இப்பப் போய் எழுப்பினா பூசை விழும். காலைல வந்து கால்ல விழுந்துக்கறேன், இப்ப உன் ரூம்ல படுத்துக்கறேன்'னான். சிரிச்சுட்டேதான் சொன்னான். 'போடா, கதவத் தட்டு'ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'வாடா'ன்னேன். அத்தை, நான் 'வாடா'ன்னுட்டேன்."

பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒற்றை வார்த்தை இகுயோவின் கையை விட்டுப் போனது. ஸ்கூட்டர் சுற்றவில்லை. வந்தான், பார்த்தான், திரும்பினான். இனி யாரைக் கேட்பதற்கும் ஒன்றும் இல்லை.

ஷுன்பெய் பேசிக்கொண்டே போனான். "நெஜத்துல அணைஞ்சது பாட்டுலயாவது எரியட்டும்னுதான் அப்படி எழுதினேன். உங்களுக்காகத்தான். வெளியிடறதுக்கு முன்னாடி போன் பண்ணிப் பாடிக் காட்டினேனே, ஞாபகம் இருக்கா? வெளக்கு வர்ற எடத்துல உங்க மூச்சு நின்ன மாதிரி இருந்துச்சு. அப்புறம் 'நல்லா இருக்கு'ன்னீங்க. நான் ஏன் அப்படி எழுதினேன்னு உங்களுக்குப் புரிஞ்சுடுச்சு, என்னையும் மன்னிச்சுட்டீங்கன்னு நெனச்சுட்டேன்."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. பிள்ளையின் சிநேகிதன் ஆசையாகப் பாடிக் காட்டுகிறானே என்று, 'நல்லா இருக்கு' என்று சொல்லிவைத்தாள். அந்த 'நல்லா இருக்கு'தான் இப்போது பதினாறு கம்பத்தில் ஏறியிருக்கிறது.

ஷுன்பெய் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுவதையே தொழிலாக வைத்திருக்கிறவனுக்கு நிஜ அழுகை கொஞ்சமும் அழகாக வரவில்லை. மூக்கு ஒழுகியது. அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, அணைத்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் கை எழவில்லை.

"தேநீர் ஆறிப்போச்சு," என்றாள். "வேற ஊத்தட்டுமா?"

வாசலில் மேலாளர் கனைத்தார். நேரமாகிவிட்டது.

நாலே முக்காலுக்கு ஊரே மேட்டுத் தெருவில் நின்றது. இகுயோவின் வீட்டு வாசலுக்கு எதிரே இருந்த கம்பத்தில் பூச்சரம் சுற்றியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் இரண்டு வரிசையாக நின்றார்கள். படகில் வந்த வெளியூர்க்காரர்கள் கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நிஷியோகா பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்துவிட்டாள். ஹமதா பெரியவருக்கு மட்டும் முன்னால் ஒரு நாற்காலி.

தெத்சுரோ இகுயோவின் பக்கத்தில் வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்து, "என்ன? ஷுன்பெய் ஏதாவது சொன்னானா?" என்றான்.

"ஊறுகாய் வேணும்னான்."

கமோஷிதா, தபால்காரர் தொப்பி இல்லாவிட்டாலும், அதே விறைப்போடு வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். நன்றி சொன்னார், நகரமன்றத்துக்கு நன்றி சொன்னார், பருவநிலைக்கும் நன்றி சொன்னார். பிறகு இகுயோவின் வாசல் தூணில் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்த எதையோ காட்டினார். காலையில் சங்கத்து ஆட்கள் ஏணி வைத்து ஏதோ செய்துகொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். விழாவுக்கான அலங்காரம் என்று நினைத்துக்கொண்டாள்.

"இது சங்கத்தோட சின்னப் பரிசு. நம்ம இகுயோ-சான் இத்தனை வருஷமா, மழையோ பனியோ, ஒருநாள்கூட விடாம இந்த வாசல்ல வெளக்கப் போட்டிருக்காங்க."

ஜனங்கள் தலையை ஆட்டினார்கள். ஷுன்பெய் எங்கேயோ மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனிமே அவங்க அதுக்காக எழுந்து வர வேண்டியதில்ல. தெருவிளக்கு மாதிரி சங்கத்தோட கம்பியிலேர்ந்து நேரா எடுத்திருக்கோம். அஞ்சு மணிப் பாட்டு ஆரம்பிச்சதும் தானா எரியும். விடிஞ்சதும் தானா அணையும். நாங்க இல்லாட்டியும் எரியும், அவங்க இல்லாட்டியும் எரியும்."

துணியை இழுத்தார். பழைய விளக்கைப் போலவே தேடிப் பிடித்து வாங்கியிருந்தார்கள். அதே உருண்டைக் கண்ணாடி.

இகுயோ ஓரடி முன்னால் போனாள். "கமோஷிதா-சான்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சுவிட்ச்... சுவிட்ச் எங்க இருக்கு?"

கமோஷிதாவின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்தார்.

"சுவிட்சே கிடையாது! அதுதான் விசேஷம். இந்த வெளக்க இனி யாராலயும் அணைக்க முடியாது."

கம்பத்தில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு பாட்டு ஆரம்பித்தது. வார்த்தை இல்லை, வெறும் மணி இசைதான். முதலில் இந்தக் கம்பம், அரை நொடி கழித்துக் கோயில் கம்பம், அதற்குப் பின்னால் துறைமுகம். சொன்னபடி அவர்கள் தெருவில் சத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. வார்த்தைகளை ஜனங்களே மெல்லப் பாடினார்கள். வாசல் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. மஞ்சள் வெளிச்சம் தெருவில் இறங்கி, கோயில் வளைவுக்குப் போகும் பாதையில் பாதி தூரம் வரைக்கும் விழுந்தது.

இந்த வாசலில்தான் அவன் வண்டியை நிறுத்திப் பார்த்திருப்பான். அன்றைக்கு இது இருந்திருந்தால் போதுமே என்று இகுயோவுக்குத் தோன்றியது. சுவிட்ச் இல்லாத ஒரு விளக்கு. அவளால் அணைக்க முடியாத ஒரு விளக்கு. அவள் பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தியிருக்கலாம், சுவரெல்லாம் தடவியிருக்கலாம், அது பாட்டுக்கு எரிந்திருக்கும். பிள்ளை வந்து செருப்பைக் கழற்றியிருப்பான். ஐந்து வருஷம் முன்னால் இந்த ஊருக்கு இந்தப் புத்தி வந்திருக்கக் கூடாதா?

அவள் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள் அப்படியே தெருவில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'டேய், டேய்' என்று கூப்பிட்டு அழுதாள். தெத்சுரோ பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தான். என்ன ஏது என்று அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சுற்றி நின்றவர்களும் அழுதார்கள். "அழுதுட்டாங்க, கடைசில அவங்களும் அழுதுட்டாங்க," என்று நிஷியோகா ஹமதா பெரியவரின் காதில் சத்தமாகச் சொன்னாள். ஓசாகாவிலிருந்து வந்த பெண்ணொருத்தி, "பாட்டுன்னா இதுதான் பாட்டு," என்று தோழியைக் கட்டிக்கொண்டாள். கைப்பேசிகள் எல்லாம் இகுயோவின் பக்கம் திரும்பின. ஷுன்பெய் மட்டும் இரண்டடி முன்னால் வந்தான். மேலாளர் அவன் கையைப் பிடித்து, இந்த நேரத்தில் குறுக்கே போகாதே என்று கண்ணால் சொன்னார். அவன் நின்றுவிட்டான்.

பாட்டு ஒன்றரை நிமிஷத்தில் முடிந்தது. கமோஷிதா குனிந்து, இரண்டு கையாலும் அவளைத் தூக்கி நிறுத்தினார். அவர் கன்னமும் நனைந்திருந்தது.

"புடிச்சிருக்கா, இகுயோ-சான்?"

ஊர் முழுக்க அவள் வாயைப் பார்த்தது. இகுயோ முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கால்களைச் சேர்த்து நின்று, முன்னால் இருந்தவர்களுக்கு ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மூன்று முறை தலை குனிந்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "ரொம்ப நன்றி."